ஆறு நடை

உக்காருங்க மேடம். அந்த முனையில வேணாம், பெஞ்சுக்கு அந்தப் பக்கத்துக் கால் ஆடுது. நேத்து ஒரு பெரியவரு சரிஞ்சு விழப் பாத்தாரு. இப்பிடி நடுவுல வாங்க. பைய மடியில வெச்சுக்குங்க.

எங்க வூட்டுக்காரரு உள்ள பன்னெண்டாவது கட்டில்ல இருக்காரு. வார்டு கழுவுறாங்க, கூட இருக்கறவங்கள எல்லாம் அரை மணி நேரம் வெளிய நிக்கச் சொல்லிட்டாங்க. பரவால்ல, நீங்க அவரப் பாக்க வரல, என்னப் பாக்கத்தான் வந்தீங்கன்னு எனக்குத் தெரியும். ஹெட்டாபீசுல இருந்து சேஃப்டி மேடம் வர்றாங்க, பேப்பர் கொண்டாருவாங்க, கையெழுத்து கேப்பாங்கன்னு நம்ம சைட்டு வாட்ச்மேன் காலையிலயே போன்ல சொல்லிட்டாரு.

நீங்க கேக்கறதுக்கு முன்னாடி நானே சொல்லிடறேன். பாத்தேன். அந்தப் பலகைய நான் பாத்தேன். நாலாவது மாடி, வெளிப்பக்கத்துச் சாரம். பலகையோட ஒரு முனை பைப்பு மேல ரெண்டு வெரக்கட கூட ஒழுங்கா உக்காரல. கட்டும் இல்ல. அது மேல நின்னுதான் எங்க வூட்டுக்காரரு தனகோட்டி பூச்சு பூசிக்கினு இருந்தாரு. பலகை பொரண்டுச்சு, ரெண்டாவது மாடி சன்ஷேடு மேல வந்து விழுந்தாரு. தொட எலும்பும் இடுப்பு எலும்பும் போச்சு. இன்னியோட ஒம்பது நாளு. நடப்பாரான்னு கேட்டா டாக்டரு 'பாக்கலாம்மா'ங்கறாரு.

சைட்டுல என்ன பேசறாங்கன்னும் உங்க காதுல விழுந்திருக்கும். பச்சையம்மா வாய வெச்சா, அதான் விழுந்தான்னு பாதிப் பேரு. பச்சையம்மா பாத்துட்டுச் சொல்லாம விட்டா, அதான் விழுந்தான்னு மீதிப் பேரு. சொன்னதால விழுந்தாரா, சொல்லாததால விழுந்தாரா? மொதல்ல அவங்க நாப்பது பேரும் உக்காந்து ஒரு முடிவுக்கு வரட்டும். அப்பறம் வந்து என்னக் கேக்கட்டும், பதில் சொல்றேன்.

ஏன் சொல்லலன்னுதான கேக்கறீங்க? கேளுங்க, நல்லாக் கேளுங்க. ஆனா அதுக்கு ஒரு வரியில பதில் வராது. உங்களுக்கு நேரமிருந்தா சொல்றேன். எனக்கு நேரத்துக்கு என்ன, சைட்டு கேட்டுல என் வேல டோக்கன வாங்கி வெச்சுக்கிட்டாங்க, நான் இங்கதான் கெடக்கப் போறேன்.

எனக்குக் கருநாக்காம் மேடம். நீங்க டவுன்ல படிச்ச புள்ள, உங்களுக்குத் தெரியுமோ என்னமோ. கருநாக்குன்னா, கெட்டது சொன்னா அப்பிடியே பலிச்சுடும். நாக்குல கருப்பா மச்சம் இருக்குமாம். இந்தாங்க, நீட்டறேன், நீங்களே பாருங்க. எங்க இருக்கு கருப்பு? வெத்தலைச் செவப்புதான் இருக்கு. சிரிக்காதீங்க, எத்தினி பேருக்கு இப்பிடி நீட்டிக் காட்டியிருக்கேன் தெரியுமா? சமையக் கொட்டாயில ஒருத்தி டார்ச் அடிச்சுப் பாத்தா. மச்சம் இல்லன்னதும், 'அடியில இருக்கும்'னு சொல்லிட்டுப் போயிட்டா.

இது எப்பிடி ஆரம்பிச்சதுன்னா, போன வருசம் தையில. சாமான் ஏத்துற லிஃப்ட்டு இருக்கில்ல, அதோட கம்பிக் கயிறு பிரி பிரியா பிஞ்சு நிக்குது. நான் கீழ மணல் அள்ளிக்கினு இருந்தவ, அண்ணாந்து பாத்தேன். எனக்குச் சின்ன வயசுலருந்தே கண்ணு அப்பிடி மேடம், எது ஆடுது, எது நழுவுது, அதுதான் மொதல்ல தெரியும். மேஸ்திரி முனிரத்தினத்துகிட்டப் போயி, 'அண்ணா, கயிறு இன்னிக்குத் தாங்காது, பொழுது சாயறதுக்குள்ள அறுந்துடும்'னேன். 'போயி வேலையப் பாரு'ன்னாரு. மத்தியானம் மூணு மணிக்கு அறுந்துச்சு. டைல்ஸ் பெட்டி நாப்பதும் தூள் தூள். நல்ல வேள, அடியில ஆளு இல்ல.

நியாயமா என்ன பேசியிருக்கணும்? 'அந்தப் பொம்பள காலையிலயே சொன்னா, நாமதான் கேக்கல'ன்னு பேசியிருக்கணும். என்ன பேசினாங்க? 'சொன்னா, அறுந்துடுச்சு'ன்னு பேசினாங்க. என்னமோ நான் வாயால கடிச்சு அறுத்த மாதிரி.

அப்பறம் ஒரு மாசம் கழிச்சு, தண்ணித் தொட்டிக்குத் தோண்டின பள்ளம். ஓரத்துல மண்ணு வாயப் பொளந்துக்கினு நிக்குது. சொன்னேன். ஞாயித்துக்கெழம சரிஞ்சுது. அவ்வளவுதான், பேரு வெச்சுட்டாங்க. கைக்கொழந்தையத் தூக்கிக்கினு வர்றவ என்னப் பாத்ததும் முந்தானையப் போட்டு மூடுவா. சோறு திங்கறவன் அந்தப் பக்கம் திரும்பிக்குவான். எனக்கு எப்பிடி இருந்திருக்கும்? ஒரு வாரம் அழுதேன். அப்பறம் போங்கடான்னு விட்டுட்டேன்.

அதுல இருந்துதான் ஒரு வேடிக்க நடந்துச்சு மேடம். இத நீங்க எழுதிக்கணும், உங்களுக்கு உபயோகப்படும்.

ஆறாவது மாடித் தளம் போடற அன்னிக்கு. காங்கிரீட்டு போடற நாளுன்னா எங்களுக்கெல்லாம் கல்யாண நாளு மாதிரி. எலுமிச்சம்பழம், கற்பூரம், பூசணிக்காயி, சக்கரப் பொங்கல். அன்னிக்கு ஒருத்தரும் தப்பா ஒரு வார்த்தை பேசக் கூடாது. 'விழுந்துச்சு'ன்னு சொல்லக் கூடாது, 'ஒடஞ்சுது'ன்னு சொல்லக் கூடாது. டம்ளர் கைதவறிப் போச்சுன்னா கூட 'கீழ போயிடுச்சு'ன்னுதான் சொல்லணும். நான் சென்ட்ரிங் பலகைக்கு அடியில தண்ணி எடுக்கப் போனேன். பாத்தா, ஓரத்துல ஒரு ஜாக்கி, அதான் மேல இருக்கற பலகைய எல்லாம் தாங்கிக்கினு நிக்கற இரும்புக் காலு, ஒடஞ்ச செங்கல்லு மேல நிக்குது. பக்கத்துல இன்னொண்ணு சாஞ்சு நிக்குது. மேல பதினஞ்சு பேரு நிக்கறாங்க, காங்கிரீட்டு வந்துக்கினு இருக்கு.

வெளிய வந்து, கற்பூரம் எரியறப்பவே சொன்னேன். 'சார், ஜாக்கி நழுவப் போவுது.' அவ்வளவுதான், மேஸ்திரி என்ன அடிக்கவே வந்துட்டாரு. 'நல்ல நாளும் அதுவுமா வாயத் தொறக்கறா பாரு'ங்கறாரு. ஆனா எஞ்சினியரு நவநீதன் சாரு இருக்காரே, கண்ணாடி போட்டுக்கினு, பெரிய படிப்பு படிச்சவரு, அவரு மொகம் வெளுத்துப் போச்சு. 'அந்தம்மா சொல்லிடுச்சுய்யா, போயி மொதல்ல அதப் பாருங்கய்யா'ங்கறாரு. பூசைய நிறுத்திட்டு நாலு பேரு ஓடுனாங்க. பத்தே நிமிசம், எல்லா ஜாக்கியும் நேரா நிக்குது.

அன்னிக்குத்தான் எனக்குப் புரிஞ்சுது. நான் சொன்னது நெசமான்னு இவங்களுக்குக் கவல இல்ல. நான் சொன்னா நடந்துடுமோன்னுதான் பயம். சரி, பயப்படட்டுமேன்னு நெனச்சேன்.

நீங்க அந்த மஞ்சக் கார்டு வெச்சீங்களே கேட்டுக்குப் பக்கத்துல, பெட்டியோட. ஆபத்து எதுனா பாத்தா எழுதிப் போடுங்கன்னு. நீங்க இல்லியா? உங்களுக்கு முன்னாடி இருந்தவரா? யாரோ ஒருத்தர். அதுல எத்தினி கேள்வி தெரியுமா? பேரு, டோக்கன் நம்பரு, எந்த மேஸ்திரி ஆளு, எந்த எடம், என்ன ஆபத்து, யாரு பொறுப்பு, கையெழுத்து. பெட்டிச் சாவி யாருகிட்ட இருந்துச்சு? உங்களுக்குத் தெரியாது இல்ல? முனிரத்தினம் மேஸ்திரிகிட்ட. யாரப் பத்தி எழுதறமோ அவருதான் தொறந்து படிப்பாரு. சகாதேவன்னு ஒரு கொத்தனாரு, நல்ல வேலக்காரரு, படிக்கட்டுக்குக் கைப்புடிக் கம்பி கட்டலன்னு எழுதிப் போட்டாரு. மறுநாளே அவரு கையில இருந்த கரண்டிய வாங்கிட்டு, அடித்தளத்துல தண்ணி எறைக்கப் போன்னு சொல்லிட்டாங்க. பத்து நாளு எறைச்சாரு, அப்பறம் ஊருக்கே போயிட்டாரு. அதுக்கப்பறம் எவன் எழுதுவான்? அந்தக் கார்டுல பஜ்ஜி வெச்சுத் தின்னோம். எண்ணெய நல்லா உறிஞ்சும்.

ஆனா நான் வாயத் தொறந்தா பத்து நிமிசம். கார்டு இல்ல, சாவி இல்ல, கையெழுத்து இல்ல. பத்தாவது மாடியில கம்பி நீட்டிக்கினு இருக்குதா? 'இது யார் கண்ணுல குத்தப் போவுதோ'ன்னு ஒரு வார்த்த. உடனே கம்பி முனையில பிளாஸ்டிக் தொப்பி மாட்டிடுவாங்க. கரண்டு ஒயரு தண்ணியில கெடக்குதா? 'அய்யோ'ன்னு ஒரு தடவ சொன்னாப் போதும், எலக்ட்ரீசியன் செருப்பு கூடப் போடாம ஓடி வருவான். நவநீதன் சாரு என்னத் தூரத்துல பாத்தாலே, 'என்னம்மா, ஒண்ணும் சொல்லிடாத, என்னன்னு கையக் காட்டு, பாத்துடறேன்'ம்பாரு. நான் அண்ணாந்து பாத்தாலே அவருக்கு வேர்க்கும்.

ஆளுங்க என்னத் தேடிக்கினு வர ஆரம்பிச்சாங்க. கம்பி கட்டுற பிகாஷ் இருக்கான், ஒரிசாக்காரன், முப்பத்தஞ்சு வயசு இருக்கும், தமிழு அரைகொறையா பேசுவான். 'அக்கா, அங்க ஓட்ட மூடல, நீ போலோ, நீ சொல்லு'ம்பான். நான் போயிப் பேசுவேன். மூடிடுவாங்க. கிரேன் ஓட்டுற பாண்டுரங்கன் வருவாரு, பெயின்ட் அடிக்கறவங்க வருவாங்க. 'கார்டெல்லாம் எழுதிக்கினு கெடக்காதீங்கடா, நீங்க எதுவும் பேசவும் வேணாம், எதுன்னாலும் எங்கிட்ட வந்து சொல்லுங்க, நான் பாத்துக்கறேன்'னு நானே சொல்லி வெச்சேன். எல்லாரும் வாய மூடிக்கினு என்ன அனுப்பினாங்க. நாப்பது பேரு சைட்டுக்கு என் ஒரு வாய் போதுமா இருந்துச்சு மேடம். எட்டு மாசத்துல ஒருத்தனுக்கு ஒரு கீறல் இல்ல. உங்க ரிஜிஸ்தர எடுத்துப் பாருங்க, நான் பொய் சொல்றனா?

எனக்கும் பெருமதான். இல்லன்னு சொல்ல மாட்டேன். டீக்கடைக்காரன் எனக்கு மட்டும் டம்ளரு ததும்ப ஊத்துவான், நான் எதுனா சொல்லிடப் போறேன்னு. எனக்குப் பின்னாடி 'கருநாக்கு'ன்னவன் எல்லாம் எதுர்ல 'அக்கா'ன்னான். நல்லா வேணும்னு இருந்துச்சு.

புடிக்காதது ஒரே ஒருத்தருக்குத்தான். எங்க வூட்டுக்காரருக்கு.

அவரு சாதுவான ஆளு. பூச்சு வேலையில அவர அடிச்சுக்க ஆளில்ல, செவுத்துல கைய வெச்சா கண்ணாடி மாதிரி வழுக்கும். ஆம்பளைங்க அவரக் கிண்டல் பண்ணுவாங்க. 'வூட்டுல சண்ட போடாதடா தனகோட்டி, நாசமாப் போன்னு சொல்லிடப் போறா'ம்பாங்க. சிரிச்சுக்குவாரு. இந்த ஆடி மாசம் என்னாச்சு, டிவிஎஸ் வண்டி டயரு மொட்டையாக் கெடந்துச்சு. 'மாமா, மழ பேஞ்சா இது வழுக்கும், விழுவ'ன்னேன். மழ பேஞ்சுது. வழுக்குச்சு. முட்டி சிராச்சுக்கினு வந்தாரு. அன்னியில இருந்து அவரு சிரிக்கறத நிறுத்திட்டாரு.

ஒரு நாளு காலையில, சோத்து மூட்டையக் கட்டிக்கினு இருக்கேன், வந்து எதுர்ல உக்காந்தாரு. 'பச்ச, நீ யாரப் பத்தி வேணா சொல்லு. நான் நிக்கற எடத்தப் பத்தி மட்டும் ஒண்ணும் சொல்லாத'ன்னாரு. 'நீயுமா மாமா இத நம்பற?'ன்னேன். 'நம்பறனோ இல்லியோ, எனக்கு பயமா இருக்கு'ன்னாரு. என் கையப் புடிச்சு அவரு தலையில வெச்சு, சத்தியம் பண்ணுன்னாரு. புருசன் தலையில கைய வெச்சு சத்தியம் பண்ணிட்டு மீறினா யாருக்கு ஆவும்? அவருக்குத்தான் ஆவும். பண்ணினேன். அந்தக் கலங்கின கண்ணப் பாத்தா நீங்களும் பண்ணியிருப்பீங்க.

நான் நம்பறவ இல்ல மேடம். அத நல்லாத் தெரிஞ்சுக்குங்க. கயிறு பிஞ்சதால அறுந்துச்சு, என் நாக்கால இல்ல. டயரு தேஞ்சதால வழுக்குச்சு. எனக்குத் தெரியும்.

ஆனா அந்த வியாழக்கெழம காலையில ஏழரைக்கு மொத நடை, பாண்டுச் சட்டியில கலவைய எடுத்துக்கினு நாலாவது மாடி ஜன்னலுக்குப் போறேன். ஜன்னலுக்கு அந்தப் பக்கம் சாரத்துல அவரு நிக்கறாரு. கலவைய நீட்டறேன், அவரு வாங்கறாரு. அவரு காலுக்கு அடியில பாத்தேன். பலகை முனை பைப்பு மேல தொட்டுக்கினு மட்டும் நிக்குது. வாயத் தொறந்தேன். நாக்கு எழும்பல.

இந்தக் கைதான் அவரு தலையில இருந்த கை. இந்த நாக்குதான் அவங்க எல்லாரும் சொல்ற நாக்கு. வேற யாரா இருந்தாலும் சொல்லியிருப்பேன். முனிரத்தினம் நின்னிருந்தாக் கூட சொல்லியிருப்பேன்! என் புருசன் நின்னதால சொல்ல முடியல. ஒருவேள நெசமா இருந்துட்டா? ஒரே ஒருவேள.

ரெண்டாவது நடை போனேன். 'மாமா, கீழ வந்து டீ குடிச்சுட்டுப் போ'ன்னேன். 'இந்தப் பட்டைய முடிச்சுட்டு வரேன்'னாரு. மூணாவது நடையில பிகாஷ் அந்தப் பக்கமாப் போனான். நான் பேசல, மோவாயாலக் காட்டுனேன், அங்க பாருடான்னு. பாத்தான். தலைய ஆட்டுனான். போயிட்டான். அப்பாடா, பாத்துட்டான், சொல்லிடுவான்னு நெனச்சேன். நாலாவது நடை வந்தா பலகை அப்பிடியே இருக்கு. ஜன்னல் வழியாக் கைய வுட்டு நானே உள்ள தள்ளிப் பாத்தேன். அவரு நிக்கற கனத்துல அது அசையல. 'என்னாடி பண்ற?'ன்னாரு. 'கலவ சிந்திடுச்சு'ன்னேன். பொய் சொன்னேன். கல்யாணமாயி பத்தொம்பது வருசத்துல அவருகிட்ட சொன்ன பொய்யி ரெண்டோ மூணோதான் இருக்கும்.

அஞ்சாவது நடை. அவரு நடுப்பலகையில நின்னு பூசறாரு. நடுவுல நிக்கற வரைக்கும் ஒண்ணும் ஆவாதுன்னு எனக்குத் தெரியும். முனைக்குப் போனாத்தான். முனைக்குப் போவாத, போவாதன்னு மனசுக்குள்ளயே சொல்லிக்கறேன். ஆறாவது நடையில கலவைய வாங்கிக்கினு, 'பச்ச, அந்த மூலை ஒண்ணுதான் பாக்கி, முடிச்சுட்டா சாப்புட வந்துடறேன்'னு சிரிச்சாரு. நான் தலைய ஆட்டிட்டுத் திரும்பினேன். நாலு படி எறங்கியிருப்பேன். சத்தம் கேட்டுச்சு.

சேஃப்டி பெல்ட்டு போட்டுத்தான் இருந்தாரு மேடம். கொக்கிய மாட்டறதுக்கு எடம் இல்ல. அத உங்க பேப்பர்ல எழுதியிருக்கீங்களா? எழுதுங்க.

அப்பறம் நடந்ததச் சொல்றேன், அதுதான் எனக்கு வயித்தெரிச்சல். ஆம்புலன்ஸ் வர்றதுக்குள்ள பிகாஷ் வந்து அழுவறான். 'அக்கா, நான் பாத்தேன். நீ பாத்தே. நீ சொல்லுவ, அதான் நான் சொல்லல'ங்கறான். பாண்டுரங்கன், கிரேன் மேல இருந்து அவருக்கும் தெரிஞ்சிருக்கு. 'உன் வூட்டுக்காரராச்சே, நீ சொல்லாம இருப்பியான்னு இருந்துட்டேன் தங்கச்சி'ங்கறாரு. அஞ்சாவது மாடியில பெயின்ட் அடிச்சவன், அவனும் பாத்தானாம். எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அங்கயே கத்தினேன். 'ஏண்டா, உங்களுக்கெல்லாம் வாய் இல்லியா? சோறு திங்க மட்டுந்தான் வாயா? எல்லாத்துக்கும் நானேவாடா வரணும்?'ன்னேன். மூணு ஆம்பளைங்க மேடம்! மூணு பேரும் பாத்துட்டு ஊமக்கோட்டான் மாதிரி நின்னிருக்காங்க!

ஏன் மேடம் அப்பிடிப் பாக்கறீங்க? என்ன சொன்னீங்க? நான்தான் அவங்கள பேச வேணாம்னு சொன்னனா? அது... அது வேற மேடம். அது கார்டுக்குச் சொன்னது. ஒரு மனுசன் காலு வழுக்கறப்ப கூடவா எங்கிட்ட அனுமதி கேட்டுக்கினு நிப்பாங்க? நல்லா இருக்கே கத. அத வுடுங்க.

என்ன, இனிமே போன்ல போட்டோ புடிச்சு அனுப்பறதா? புதுசா ஒண்ணு கொண்டாரப் போறீங்களா? கொண்டாங்க. சைட்டுக்குள்ள போன எடுத்தா மேஸ்திரி புடுங்கி வெச்சுக்குவாரு, அத மொதல்ல கேட்டுக்குங்க. நான் ஒண்ணு சொல்றேன். கார்டோ போனோ என்னமோ ஒண்ணு வெச்சுக்குங்க. எவன் சொன்னான்னு தேடாதீங்க, எந்த எடத்தச் சொன்னான்னு தேடுங்க. இந்த ஒன்ன வருசமா அத்தினி பேரும் என் நாக்கத்தான் பாத்தாங்க. ஒருத்தனாவது அண்ணாந்து பாத்தானா?

முந்தாநேத்து நடந்ததையும் கேட்டுட்டுப் போங்க. மத்தியானம், சோறு ஊட்டிக்கினு இருக்கேன். எலும்பு சேர அவருக்குக் கால்ல கல்லக் கட்டித் தொங்க வுட்டிருக்காங்க, ஒரு பக்கம் கூடப் பொரள முடியாது. கட்டிலுக்கு நேரா மேல ஃபேனு. தண்டு வட்டம் போடுது. மேல மூடி எறங்கி, நட்டு கழண்டு நிக்கறது எனக்குத் தெரியுது. பாத்துட்டேன். சட்டுன்னு கீழ குனிஞ்சுக்கினேன்.

'பச்ச, என்ன பாத்த?'ங்கறாரு.

'ஒண்ணுமில்ல, வாயத் தொற'ன்னேன்.

'பொய் சொல்லாத. மேல என்ன?'

நான் பல்லக் கடிச்சுக்கினேன் மேடம். நெசமா கடிச்சுக்கினேன். கட்டிலு சக்கரம் பூட்டியிருக்கு, நான் ஒருத்தியா இழுக்க முடியாது. சொல்லவும் முடியல. கையில சோத்து உருண்ட அப்பிடியே இருக்கு. அவரு என்னப் பாத்தாரு. அப்பறம் என் எடது கையப் புடிச்சு, முன்னாடி வெச்ச மாதிரியே அவரு தலையில வெச்சுக்கினாரு. 'சத்தியத்த நானே திருப்பி வாங்கிக்கினேன். சொல்லிடு பச்ச. சத்தமா சொல்லு'ன்னாரு.

வார்டே அதுர்ற மாதிரி கத்தினேன். 'ஃபேனு விழப் போவுது! என் புருசன் மேல விழப் போவுது!' நர்சு ஓடியாந்துச்சு, ரெண்டு ஆளு வந்து கட்டில இழுத்தாங்க, எலக்ட்ரீசியன் ஏணி போட்டு ஏறினாரு. மரையில ரெண்டு சுத்துதான் மிச்சம்னாரு. ஃபேனக் கழட்டி எறக்கித் தரையில வெச்சாங்க.

விழல மேடம். நான் சொன்னேன், விழல.

அங்கயே, அந்த ஃபேனு பக்கத்துலயே தரையில குந்தி அழுதேன். அவரு விழுந்ததுல இருந்து அதுவரைக்கும் நான் அழல. அப்பறந்தான் ஒண்ணொண்ணா ஞாபகம் வருது. அந்த ஜாக்கி நழுவல. கம்பி எவன் கண்ணுலயும் குத்தல. ஒயரு யாருக்கும் ஷாக் அடிக்கல. எத்தினியோ சொன்னேன், எதுவும் நடக்கல. ஏன்னா, ஓடிப் போயி சரி பண்ணாங்க. நடக்காதத எல்லாம் யாரு பேசறா? நடந்தது மூணு. அந்த மூணுக்குத்தான் எனக்குப் பேரு. அவங்கதான் முட்டாளுங்கன்னா, நான் அந்தக் காலையில ஒரு மணி நேரம் கலவ தூக்கினப்ப இத நெனச்சுப் பாத்திருக்கலாம் இல்ல? நெனைக்கல. என்ன எரிக்கறது அதுதான், நீங்களோ மேஸ்திரியோ சொல்றது இல்ல.

சரி, அந்தப் பேப்பரக் குடுங்க. எனக்குப் படிக்கத் தெரியும், எட்டாவது வரைக்கும் படிச்சிருக்கேன். 'மேற்படி பலகையின் நிலை குறித்து எதுவும் என் கவனத்திற்கு வரவில்லை.' யாரு எழுதினது இது, நவநீதன் சாரா? என்ன காப்பாத்தறாராமா? நான் பாக்கலன்னு போட்டா நான் தப்பிச்சுக்குவேன், அப்ப யாருமே பாக்கல, யாருமே சொல்லலன்னு ஆயிடும், அவரும் தப்பிச்சுக்குவாரு. பலகைய ஒழுங்காக் கட்டாதவன் எங்க மேடம் இதுல? கொக்கி மாட்ட எடம் குடுக்காதவன் எங்க? இதுல நான் கையெழுத்துப் போட மாட்டேன். சைட்டுக்குள்ள வுடலன்னாலும் போட மாட்டேன். வுடாட்டிப் போங்க, ரோட்டுல நின்னாலும் எனக்குப் பத்தாவது மாடி நல்லாத் தெரியும். அங்க நின்னு கத்துவேன்.

வெள்ளப் பேப்பரு இருக்கா? எடுங்க. நான் சொல்றேன், நீங்க எழுதுங்க. அதுல போடறேன் கையெழுத்து. எழுதுங்க. என் பேரு பச்சையம்மா. சித்தாளு. வியாழக்கெழம காலையில ஏழரை மணிக்கு...

இருங்க மேடம், ஜன்னல் வழியா உள்ள இருந்து யாரோ கூப்புடறாங்க.

அந்தோணிசாமி, பதினாலாவது கட்டிலு. லாரியில இருந்து விழுந்தவரு. என்னாண்ணா? குளுக்கோஸ் தீந்துபோயி கொழாயில ரத்தம் ஏறுதா? என்ன ஏன் கூப்புடற, நர்சக் கூப்புடு! அதோ அந்தக் கோடியிலதான் நிக்குது. கூச்சமா? உன் ரத்தம்ணா அது! நான் வர மாட்டேன், நீயே கூப்புடு. கேக்கலியாம். இன்னும் சத்தமா! வயித்துல இருந்து கத்துணா!

ஆங். கேட்டுச்சு பாருங்க. நர்சு ஓடுது.

நீங்க எழுதுங்க மேடம். ஏழரை மணியில இருந்து ஆறு நடை போனேன். ஆறு நடையும் பலகைய என் கண்ணால பாத்தேன். பாத்துட்டுச் சொல்லல. அப்பிடியே எழுதுங்க, ஒரு வார்த்தை மாத்தாதீங்க.